எண்ணெய் காயும் இரண்டு நாள்

நேற்றிலிருந்து வீடெங்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. நீ போன பிறகு, நம் சமையல் மேடைக்கு நேற்றுதான் முதல்முறையாக எண்ணெய் பூசினேன்.

ஊரப்பாக்கத்தில் நம் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் கருப்பு கிரானைட். உனக்கு மட்டும் தேக்கு மேடைதான் வேண்டும். சரி, அதற்குப் பளபளவென்று பாலிஷாவது போடுவோம், பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றேன். "எண்ணெய்தான். மரம் மூச்சு விடணுங்க" என்று ஒரே பிடியாக நின்றாய். எண்ணெய் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும். காய இரண்டு நாள். அதுவரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது. தேய்ப்பது யார்? நான்தான்.

மூச்சு விட வேண்டியது மரமில்லை, நீ என்று புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு நாளும் காலையில் ஸ்டேஷன் பக்கத்து டிபன் கடையில் பொங்கல். சாயங்காலம் ரயிலேறித் தாம்பரத்தில் பரோட்டா. இரண்டாம் நாள் முடிவில் மேடையில் விரலை வைத்துப் பார்ப்பாய். "என்னங்க, இன்னும் காயல. பிசுபிசுங்குது." காய்ந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். "சரி, கிளம்பு" என்பேன்.

போன வாரம் பாலிஷ்காரர் வந்து, வெளிறிக் கிடந்த மேடையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், இப்டி வுட்டுட்டீங்க? வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டுந்தான்."

"ஒர்த்தர் பொழங்க ஒரு கோட்டு பாலிஷே போதும் சார். அப்பால தொடவே வேணாம்."

உன்னிடம் வாதாடித் தோற்றேனே, அதே பாலிஷ். இப்போது வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆனால் அந்த "ஒர்த்தர்" நெஞ்சில் தைத்துவிட்டது. எண்ணெயே இருக்கட்டும், நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ரெண்டு நாள் அடுப்ப மூடணும். பேஜார் சார்."

"மூடிக்கிறேன்."

நேற்றும் இன்றும் டிபன் கடைக்குப் போனேன். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது. "சார், இங்க ஆள் வருதா?" என்று கேட்டு எதிர் நாற்காலியை ஒருவர் எடுத்துப் போனார். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சற்று முன் வந்து மேடையில் விரலை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது. நாளை முதல் சமைக்கலாம்.

"இன்னும் காயல" என்றேன், சத்தமாகவே.

பிறகு, "சரி, கிளம்பு" என்பதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.