ஒன்பது கிலோ

1979 செப்டம்பர் 8, சனி

மழை. சரித்திரத்தில் இரண்டு பாடம் முடித்தேன்.

பின்னேரம் அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். ராக்காயி அக்கா, எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், கூடையோடு வரிசையில் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி ஜோசப்பின், ஒன்னயப் பாத்தா எழுவத்திநாலு பஞ்சம் நம்ம தோட்டத்துப் பக்கமே எட்டிப் பாக்கலன்னுல்ல நெனைப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா கெட்டவள் இல்லை, வாய்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

பஞ்சம் வந்தது. தங்கச்சி பவுலினைக் கொண்டுபோனது. அவளுக்கு நாலு வயது, எனக்குப் பத்து.

செப்டம்பர் 9, ஞாயிறு

பள்ளிக்கூட அலுமாரியில் இருந்து எடுத்துவந்த பழைய சஞ்சிகையில் ஒரு கட்டுரை: உடலின் கொழுப்பைக் கரைத்துத் தசையை வளர்ப்பது எப்படி. முழுவதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். முதல் பாதி: மா, அரிசி, சீனி குறைக்க வேண்டும், தினமும் ஓட வேண்டும். இரண்டாம் பாதி: முட்டை, பருப்பு, பயறு நிறைய உண்ண வேண்டும், பாரம் தூக்கிப் பழக வேண்டும்.

இரண்டாம் பாதி எங்கள் வீட்டுக்கு எழுதியதல்ல. முதல் பாதியை நாளை தொடங்கலாம்.

செப்டம்பர் 15, சனி

நாள் முழுக்க மழை. கொழுந்து எல்லாம் நிறுத்து முடிந்த பிறகு வீரய்யா கணக்கப்பிள்ளையிடம், என்னையும் நிறுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "ஒன்னய எந்தப் பேர்ல எழுதறது?" என்று சிரித்தார். தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கினேன். முள் அவர் பக்கம், எனக்குத் தெரியாது.

"அம்பத்தாறு."

இதில் ஒன்பது போக வேண்டும்.

ஏன் ஒன்பது என்று எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை யாரும் படிப்பதில்லை.

பஞ்ச வருஷம், கொழுந்தெடுக்கிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் இருந்து பவுலினைக் கூட்டிவருவது என் வேலை. அங்கே நிறை எழுதும் புத்தகத்தில் அவளுடைய கடைசி வரி: இருபது இறாத்தல். வகுப்பில் கிலோ கணக்குப் படிப்பித்த அன்று நான் முதலில் மாற்றிப் பார்த்தது அதைத்தான். ஒன்பது கிலோ.

வீட்டில் ஆளுக்கு ஒரு ரொட்டி, அதுவும் கையகலம். அவள் பங்கு என் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. "அவளுக்கு எறங்கலடி, நீ தின்னு" என்பாள் அம்மா. நான் தின்றேன். பவுலின் பாயில் படுத்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழமாட்டாள். வாயை மட்டும் பார்ப்பாள்.

அதன் பிறகு அம்மா என் தட்டைக் காலியாகவே விட்டதில்லை. என் மேல் இருக்கிற இந்தச் சதை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 6, சனி

மழை. ஐம்பத்து நாலு.

அம்மா காலையில் மூன்று ரொட்டி வைக்கிறாள். ஒன்றைத் தின்கிறேன். இரண்டைப் பாவாடை மடிப்பில் சுருட்டிக்கொள்கிறேன். எறிய முடியவில்லை, கை வரவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் கல்லறை மேட்டில் பவுலின் சிலுவையடியில் வைத்துவிட்டு ஓடுகிறேன். அடுத்த நாள் பார்த்தால் இருப்பதில்லை. நாய் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல்தான் ஓடுகிறேன்.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, வரவில்லை. அம்மாவும் நானும் மெழுகுதிரி கொண்டு போனோம். முன்தினம் நான் வைத்த ரொட்டிகளில் ஒன்று அப்படியே இருந்தது. மழையில் ஊறி வெளுத்து.

அம்மா ரொட்டியைத் தட்டும்போது ஓரத்தை மூன்று விரலால் அழுத்துவாள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்த மூன்று பள்ளமும் தெரிந்தன.

அவள் குனிந்து எடுத்தாள். பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். திரியை நான்தான் கொளுத்தினேன்.

நவம்பர் 24, சனி

மழை. ஐம்பத்திரண்டு. இன்னும் ஐந்து.

டிசம்பர் 25

நத்தார். கேக் ஒரு துண்டு. ஒன்றே ஒன்று. கணக்கப்பிள்ளை லீவில் இருப்பதால் இந்த மாதம் நிறுக்கவே இல்லை.

1980 ஜனவரி 5, சனி

வெயில். கொக்கியில் தொங்கினேன்.

"அம்பத்தஞ்சு."

திரும்பக் கேட்டேன். "அம்பத்தஞ்சுதாம்மா."

எப்படி? எங்கருந்து வந்துச்சு? ஒரு துண்டு கேக்குல மூணு கிலோவா? தெனமும் ஓடறேன். ஒத்த ரொட்டி திங்கறேன். கொறைஞ்சதெல்லாம் யாரு கொண்டாந்து திரும்ப வச்சா?

கல்லறைத் திருநாளில் அம்மா அந்த ரொட்டியை எடுத்துவிட்டாள். பவுலினுக்குக் கொடுத்ததை நாங்கள் திரும்ப எடுத்துவிட்டோம். அவளும் திரும்பி வந்துவிட்டாள்.

இனி ரொட்டியே வேண்டாம்.

ஜனவரி 26, சனி

வெயில். ஐம்பத்தொன்று. வெறுந்தேத்தண்ணி, கீரை. காலையும் மாலையும் கோயில் மேடு வரை ஓட்டம்.

படிக்கும்போது எழுத்து நகர்கிறது. வகுப்பில் பெற்றீசியா என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏன் இப்பிடிச் சில்லுனு இருக்கு?" என்றாள். அம்மா என்னைப் பார்ப்பதில்லை. என் வாயைப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 2, சனி

வெயில். நாற்பத்தொன்பது. இன்னும் இரண்டு.

பிப்ரவரி 8, வெள்ளி

நேற்றுப் பள்ளிக்கூடம் போகும் வழியில் மேட்டில் விழுந்துவிட்டேன். நினைவு வந்தபோது ராக்காயி அக்காவின் முதுகில் இருந்தேன். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கியிருக்கிறாள். "கூடை இதவிடக் கனம்டி, பாவி" என்று அழுதுகொண்டே நடந்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நிறுத்தார்கள். ஐம்பத்தொன்று.

"மடுவத்துல நாப்பத்தொம்பது சொன்னாங்களே" என்றேன். டிஸ்பென்சர் ஐயா, "இதுல நீயே எட்டிப் பாரு" என்றார். பார்த்தேன். ஐம்பத்தொன்று.

பிப்ரவரி 9, சனி

வீரய்யா கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"கழிச்சுத்தாம்மா சொன்னேன். மழைன்னா கூடைக்கும் தண்ணிக்கும் அஞ்சு, வெயில்னா கூடைக்கு மட்டும் ரெண்டு. இருவது வருசமா முள்ளப் பாத்தா வாயி கழிச்சுத்தான் சொல்லுது. ஒன் முதுகுல கூடை இல்லேங்கிறது எனக்குத் தோணவே இல்ல."

அம்மா அவரைத் திட்டவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள்.

படுத்தபடியே கணக்குப் போட்டேன். தொடக்கத்தில் நான் அறுபத்தொன்று. மழை விட்டதும் ஏறிய மூன்று கிலோவும் ஏறவே இல்லை. இப்போது ஐம்பத்தொன்று. பத்து போயிருக்கிறது. ஒன்பது எப்போதோ போய்விட்டது.

பவுலின் போகவில்லை. கண்ணை மூடினால் அதே பாய்.

பிப்ரவரி 10, ஞாயிறு

அம்மா பூசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அலுமாரியில் இருந்து எதையோ எடுத்தாள். திருநாளில் எடுத்த அந்த ரொட்டி. காய்ந்து மரக்கட்டையாகியிருந்தது.

"யாருக்குடி வச்ச?"

சொன்னேன். அவள் பங்கை நான் தின்றது, அவள் பார்த்தது, எல்லாம்.

அம்மா ரொட்டியை மடியில் வைத்தாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எறங்கலன்னு ஒனக்குச் சொன்னது பொய்யி. அவளுக்கு எறங்கும். அவளுக்குச் சீதபேதி, திங்கிறது ஒடம்புல நிக்கல. ஒங்கப்பாட்டயும் சொல்லல, சாமிட்டயும் சொல்லல. ஆளுக்குப் பாதி குடுத்தா ரெண்டு பேரும் போயிருவீங்கன்னு தோணுச்சு. நாந்தான் எடுத்து ஒன் தட்டுல வச்சேன். நீ திங்கல. நான் திங்க வச்சேன்."

பிறகு:

"ரெண்டாவது தடவ என்னயப் பாக்க வைக்காதடி."

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

கட்டுரையின் இரண்டாம் பாதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இத ஏண்டி முன்னாடியே வாசிக்கல?" என்றாள். ராக்காயி அக்கா தினம் ஒரு முட்டை கொடுத்தனுப்புகிறாள். பயறு அவித்தது ஒரு கோப்பை. ரொட்டி இரண்டு. மூன்றாவதை வைக்க அம்மாவின் கை போனது, தானே திரும்பியது.

மார்ச் 15, சனி

டிஸ்பென்சரியில் ஐம்பத்து மூன்று. கூடியிருக்கிறது. பயந்தேன், பிறகு பயம் போய்விட்டது. தண்ணீர்ப் பீலியில் இருந்து இரண்டு கையிலும் வாளியோடு லயம் வரை வருகிறேன். கையை மடக்கினால் ஒரு சின்ன மேடு. ராக்காயி அக்கா அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குடி. காலையில பெரட்டுக்கு வந்துரு, கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சிடலாம்" என்கிறாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாரம் தூக்கிப் பழக ஒரு மாச் சாக்கில் ஆற்று மணல் அள்ளினேன். வீரய்யா கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோனேன். "கழிக்காமச் சொல்லுங்க" என்றேன். முள்ளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி பார்த்துச் சொன்னார். நான் கேட்ட அளவு வரும்வரை ஒவ்வொரு பிடியாகப் போட்டோம்.

மே 11, ஞாயிறு

பவுலின் போன நாள்.

காலையில் மணல் சாக்கைத் தோளில் ஏற்றிக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள்.

"எவ்வளவு இருக்கும்?"

"ஒன்பது கிலோம்மா."

அவளுக்குக் கிலோக் கணக்குத் தெரியாது. "இறாத்தல்ல சொல்லு" என்றாள். இருபது என்றேன்.

கையை நீட்டினாள். கொடுத்தேன். சாக்கை இடுப்பில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் அதன் முதுகைத் தடவியபடி, மலைப் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளே என் தோளில் ஏற்றிவிட்டாள்.

"பாத்துப் போ. எறக்கிறாத."

கல்லறை மேட்டைத் தாண்டிக் கோயில் வரை எங்கும் இறக்காமல் ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. வந்து இரண்டு ரொட்டி, ஒரு முட்டை.