08:44:08-க்கு முன்

மன்னார் வளைகுடா தரவகம், கடலடி, 60 மீட்டர்.
பதிவு: கோ. தமயந்தி, சோதனைப் பொறுப்பு.

15 ஜனவரி 2038, 07:30

ஒரு கருவியை எவ்வளவு சோதித்தால் போதும்? எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் 'போதும்' என்று கையெழுத்துப் போட்டுவருகிறேன். இன்றும் போட்டேன்.

இங்கே காப்பதெல்லாம் கணினியின் பழங்கதை. 1969-இல் இரண்டு எழுத்து போனதும் முறிந்த முதல் வலைச்செய்தி, 1991-இன் முதல் இணையப் பக்கம். முறிந்தவற்றின் மேல்தான் என் கண் முதலில் போகும்.

1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிவரும் பழைய கணினிக் கடிகாரங்கள் வரும் செவ்வாய் காலை 08:44:07-க்கு 2147483647-ஐ எட்டும். அதற்கு மேல் எண்ண அவற்றில் இடமில்லை. அடுத்த விநாடி எண் கழித்தல் குறிக்குத் தாவி, இது 1901 டிசம்பர் என்று நினைத்துக்கொள்ளும்.

நிலையத்தில் 412 கருவிகள். தேதியை முன்னே தள்ளிச் சோதித்ததில் 411 தேறின. அழுத்த அறையின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எதிரே மட்டும் 'பொருந்தாது' என்று எழுதினேன். அதன் திரை நேரம் காட்டுவதில்லை. இல்லாத கடிகாரத்துக்கு என்ன சோதனை?

16 ஜனவரி, 16:20

கிளாட்வின் மோத்தா அழுத்த அறைக்குள் போனார். வயது 31, தூத்துக்குடிக்காரர், வெளிக்குழாய்களைப் பழுதுபார்க்கும் மூழ்காளர். பத்து நாளாகக் கடலின் அழுத்தத்திலேயே இருந்தவர். அதை மூன்று நாளில் மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால், மூடி திறந்த சோடாபோல் இரத்தம் குமிழ்விடும். இறக்குவது பெட்டியின் வேலை. செவ்வாய் 16:20-க்குப் பச்சை விளக்கு எரியும்.

மூச்சுக்குத் தரும் ஹீலியத்தில் அவர் குரல் கீச்சிடுகிறது. கருவிகளைச் சோதிக்கும் எனக்கு அவர் வைத்த பெயர் டாக்டரக்கா.

"ஊசி போடத் தெரியாத டாக்டரக்கா, செவ்வாக்கிழம சாயங்காலம் எனக்குப் பரோட்டா. சொல்லிட்டேன்."

18 ஜனவரி, 08:10

அறையின் பதிவைப் படியெடுத்தேன். ஒவ்வொரு வரியின் தலையிலும் பத்து இலக்க எண். கடைசி வரியில் 2147395200.

அது விநாடிக் கணக்கு. பெட்டிக்குள் கடிகாரம் இருக்கிறது. திரையில் காணாததால் இல்லையென்று எழுதியிருக்கிறேன்.

உள்ளே ஆள் இருக்கையில் சோதிக்க முடியாது. பெட்டியைச் செய்த நிறுவனம் மூடி ஒன்பது ஆண்டாகிறது.

08:40

கரையிலிருந்து மேலாளர் அம்பலவாணன்:

"குடோன்ல ஸ்பேர் பெட்டி இருக்கு மேடம், அதுல ஓட்டிப் பாக்கலாம். ஆனா சாவி ஸ்டோர் ராஜமணிகிட்ட. பொங்கலுக்கு ஊருக்குப் போனவரு போனே எடுக்கல. ஏன் பதர்றீங்க? ஒய்டூகேல என்ன ஆச்சு? புஸ்வாணம்."

2000 பிறந்தபோது கணினித் தேதிகள் குழம்பி ஒன்றும் ஆகாமலிருக்க எத்தனை பேர் உழைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

09:30

1901 என்று நினைத்தால் பெட்டி எல்லா வால்வையும் ஒரேயடியாகத் திறந்துவிடலாம். திறந்தால் அவர் அந்த நொடியே முடிந்தார்.

காற்றை வெளியேற்ற மட்டும் கைவால்வு உண்டு. ஏற்றப் பெட்டியால்தான் முடியும்; அதனால் கையால் இறக்கும்போது மருத்துவர் அருகே இருந்தாக வேண்டும். மாலை 17:30-க்கு மருத்துவரும் சிறிய அழுத்த அறையும் உள்ள படகு வரும் என்கிறது கரை. அதன் பிறகு இரண்டு நாள் அலையில் யாரும் கடலில் இறங்க முடியாது. மிச்சமுள்ள முப்பத்தொரு மணி நேர இறக்கத்தை எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

கிளாட்வினிடம் எல்லாம் சொன்னேன். 'பொருந்தாது' என்று எழுதியதையும் சொன்னேன்.

"நீங்களே பயந்தா சரிதான்க்கா. குமிழ் ஏறி மேலுகாலு பிடிச்சிட்டுன்னா திரும்ப உள்ள போடுவியளா?"

"போடுவேன்."

வால்வுகளுக்குப் போகும் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கைவால்வைப் பிடித்தேன்.

17:05

கரை: "அலை ஜாஸ்தி மேடம், படகு திரும்பிருச்சு. டாக்டருக்கே வாந்தி."

அறையில் மிச்சம் மூன்று மீட்டர் ஆழத்தின் அழுத்தம்தான். நிறுத்திப் பயனில்லை.

17:30

கதவைத் திறந்தேன். நடந்து வந்தார். பரோட்டா எங்கே என்றார்.

18:10

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூச்சு முட்டுகிறது. மருந்து ஒன்றுதான்: மீண்டும் அழுத்தம். அதற்குப் பெட்டியை இணைக்க வேண்டும். இணைத்தால் காலை 08:44-க்கு அவர் உள்ளே இருப்பார்; சிகிச்சை முடியும்வரை ஆக்சிஜனுக்குப் பெட்டி வேண்டும், இடையில் கழற்ற முடியாது.

நிலைய ஒலிப்பதிவு, 18:22:

"அக்கா, உள்ள போடுங்க. சொன்னியள்லா."

"காலையில எட்டே முக்காலுக்கு அந்தப் பெட்டி..."

"காலைய காலையில பாப்போம்க்கா. இப்பம் போடுங்க."

உள்ளே போட்டால் காலையில் நிச்சயச் சாவு. வெளியே இருந்தால் பிழைக்கக்கூடும். அப்படித்தான் கணக்கிட்டேன்.

போடவில்லை.

19:15

இன்னும் கேட்கிறார். 'அக்கா' போய்விட்டது. 'மேடம்' என்கிறார்.

20:50

நாடி இல்லை.

19 ஜனவரி, 08:44

பெட்டியை நான் அணைக்கவில்லை. ஆளில்லாத அறைக்காக அது பாட்டுக்குப் பதிவில் எண்ணிக்கொண்டிருந்தது.

08:44:07. 2147483647.

08:44:08. 2147483648.

08:44:09. 2147483649.

வால்வைத் திற என்ற கட்டளை எதுவும் பதிவில் வரவில்லை. இதைச் செய்தவர் எண்ணுக்குக் கழித்தல் குறி வேண்டாமென்று விட்டிருக்கிறார். அதனால் எண்ண இரு மடங்கு இடம்; இன்னும் அறுபத்தெட்டு ஆண்டு ஓடும்.

10:15

கரை: "ராஜமணி வந்துட்டாரு மேடம். ஸ்பேரை ஓட்டிப் பாத்தோம், ஒண்ணும் ஆகல. நாந்தான் சொன்னேன்ல? படிவத்துல 'பொருந்தாது'ன்னு ஒண்ணு நிக்குது. 'தேறியது'ன்னு மாத்திருங்க. 412-க்கு 412, மேல அனுப்பணும். கிளாட்வின் விஷயத்துக்குத் தனிப் படிவம்."

மாற்றினேன்.

16:20

பச்சை விளக்கு எரிந்தது. கதவைத் திறக்கலாம் என்றது பெட்டி.