மூடியில் எழுதிய பெயர்

மார்ச் 4, புதன்

இதை வெளியே சொன்னால் என் வீட்டில் ஒருவரும் டீ குடிக்க மாட்டார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் சிறுநீரில் வந்த கல்லை நான் டீ வடிகட்டியில்தான் பிடித்தேன். டாக்டர், "சல்லடை மாதிரி ஏதாவது வச்சுப் பிடிங்கம்மா" என்றார். ஏதாவது என்றால் என் வீட்டில் அது ஒன்றுதான்.

கடுகளவு, பழுப்பு நிறம். இதற்கா மனுஷன் தரையில் அப்படிப் புரண்டார்? "சுகப்பிரசவம், வாழ்த்துகள்" என்றேன். "சிரிக்க வைக்காதடி, இழுத்துப் பிடிக்குது" என்றார்.

சாயங்காலம் டீக்கு அதே மாதிரிப் புது வடிகட்டி வாங்கிவிட்டேன். பழையதைத் தூக்கி எறிய முடியாது, இன்னும் கல் வருமாம். ஒரே மாதிரி இரண்டு பிஸ்கட் டப்பா எடுத்து, ஆளுக்கொரு வடிகட்டியைப் போட்டு, ஒன்றின் மூடியில் "டீ" என்றும் மற்றதில் "அது" என்றும் எழுதி வைத்தேன்.

சிரிப்பெல்லாம் வாயோடு சரி. அவருக்கு இருப்பது ஒரே ஒரு கிட்னி. இன்னொன்றைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இருக்கிற ஒன்றிலும் பெரிய கல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "வந்தது என்ன கல்லுன்னு முதல்ல தெரியணும். யூரிக் அமிலக் கல்லா இருந்தா மாத்திரையிலயே கரைச்சிடலாம். வேற மாதிரின்னா உள்ள போய் உடைக்கணும். ஒத்தைக் கிட்னி, அதான் யோசிக்கிறேன்" என்றார் டாக்டர்.

டாக்டரே யோசிக்கிறார் என்றால் நான் என்ன செய்ய?

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் கொடுத்தாலும் கல் நான் குப்பி கழுவுகிற லேபுக்குத்தான் வந்து சேரும். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நானே கையில் எடுத்துப் போனேன்.

எங்கள் லேபில் ஒரு அகச்சிவப்பு மிஷின். ஊர்ப்பட்ட ஆராய்ச்சிக்கு அது ஒன்றுதான். பழைய ஓவியத்தில் பூசியது என்ன எண்ணெய் என்று பார்க்க ஒரு அம்மா வருகிறார். மீன் வயிற்றில் பிளாஸ்டிக் தேட ஒருவர். தோண்டி எடுத்த பழைய வீட்டின் தரை மண்ணோடு ஒருவர். அவருக்கு நான் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. கூப்பிட்டால் கோபமே படாமல் "சொல்லுங்கக்கா" என்பார். நல்ல பிள்ளை, நாற்பது வயசு.

மிஷினைப் பார்ப்பவள் மிஷினம்மா. என்னைவிட சின்னவள்தான், ஆனால் அவள் முறைத்தால் எனக்கே பேச்சு நின்றுவிடும். ஒருமுறை கேட்டதற்குச் சொன்னாள்: "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அடிப்போம்க்கா. ஒவ்வொரு பொருளும் தனக்குப் பிடிச்ச பங்கைக் குடிச்சிட்டு மீதியை விட்டுடும். என்ன குடிச்சதுன்னு பார்த்தா யாருன்னு தெரிஞ்சிடும்." எங்கள் தெருவிலும் ஆளை அப்படித்தான் அடையாளம் காண்கிறோம் என்றேன். முறைத்தாள்.

ஈரம் இருந்தால் மிஷினுக்கு ஆகாது. கல்லைக் குட்டிக் குப்பியில் போட்டு, மூடியைத் திறந்து, சூட்டு அலமாரியில் மண்ணாங்கட்டியின் குப்பிகளோடு வைத்தேன்; அவை ஒவ்வொன்றிலும் கடுகளவு மண் துணுக்குதான். காய்ந்ததும் எல்லாவற்றையும் மூடித் தட்டில் அடுக்கினேன்.

மார்ச் 7, சனி

இன்னும் முறை வரவில்லை. மீன் முன்னால் நிற்கிறது.

மார்ச் 9, திங்கள்

மிஷினம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இது உடம்புல உண்டான கல்லே இல்ல. மணல்."

"மணலா? உள்ள எப்படிம்மா மணல் போகும்?"

"போகாது." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "சில பேரு லீவுக்காக, வலி ஊசிக்காக, தெருவுல கிடக்கிறதைப் பொறுக்கிக் கொண்டு வருவாங்க. நடந்திருக்கு. உங்க வீட்டுல அப்படின்னு சொல்லல."

சொல்லல, சொல்லல என்று சொல்லியே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் காலை மடக்கிப் படுத்திருக்கிறார். நெற்றியில் அந்த வேர்வை — அதுவும் நடிப்பா? போன வருஷம் வேலை பிடிக்கவில்லை என்று முனகினாரே. சீச்சீ, என்ன புத்தி எனக்கு. ஆனா கேக்காம எப்படி இருக்கறது?

மார்ச் 10, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

"ஒத்தைக் கிட்னிக்காரன்டி நான். நடிக்கிறதுக்கு எனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் பேச்சே இல்லை. என் வாயைத் தைக்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

மண்ணாங்கட்டி லேப் முழுக்கக் கேக் கொடுத்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா, பிடிச்சிட்டேன்! அந்தத் தரையில யூரிக் அமிலம் இருக்கு. பறவை எச்சத்துல இருக்கறது. அந்தக் காலத்துல வீட்டுக்குள்ளயே கோழி வளர்த்திருக்காங்க! வெள்ளிக்கிழமை பெரிய கூட்டத்துல பேசப்போறேன்."

"கோழி கூவுச்சா?" என்று கேலி பண்ணிக்கொண்டே கேக்கை வாயில் போட்டேன். அப்புறம்தான் அந்தப் பெயர் காதில் உறைத்தது. யூரிக் அமிலம். டாக்டர் சொன்ன அதே பெயர். மீதிக் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

கோழியா? என் வீட்டுக்காரரா?

குப்பி சின்னது என்று நானும் மூடியில்தான் எழுதினேன், மண்ணாங்கட்டியும் மூடியில்தான் எழுதியிருந்தார். எல்லா மூடியையும் கழற்றி ஒரே கிண்ணத்தில் போட்டு, திரும்ப மூடியது இந்தக் கைதான். எதை எதில் மூடினேன்? நினைவைக் கசக்கிப் பிழிந்தாலும் வரவில்லை.

இல்லை, கல் கரைய வேண்டும் என்கிற ஆசையில் நானாக முடிச்சுப் போடுகிறேனா? அவர் கோழியைப் பிடுங்கி என் தாலியைக் காப்பாற்றப் பார்க்கிறேனா? வேலை போனால் என்ன பண்றது? சொல்லலைன்னா அந்த மனுஷனை அறுத்துடுவாங்களே —

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் நிற்க வைத்து, மூச்சு விடாமல்.

மிஷினம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மண்ணாங்கட்டியின் மற்ற குப்பிகளில் இருந்த மண்ணை ஒவ்வொன்றாக மிஷினில் வைத்து அழுத்தினாள். மணல். மணல். மறுபடி மணல். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் ஒரு சுற்று இறங்கியது.

"அப்ப என் கோழி..."

"என் வீட்டுக்காரர்தான் தம்பி" என்றேன். சிரிப்பு வரும் என்று நினைத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்கக்கா. மூடியில எழுதினது நானும்தானே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிஷினம்மா மட்டும், "இனிமே ரெண்டு பேரும் குப்பி உடம்புல எழுதணும். மூடியில எழுதினா கையை முறிச்சிடுவேன்" என்றாள். டாக்டருக்கு உறுதியாகச் சொல்ல இன்னொரு துணுக்கு வேண்டுமாம்.

வீட்டில் அவரிடம், "நீங்க பொய் சொல்லல. நான்தான் உங்களைக் கோழியாக்கிட்டேன்" என்றேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு வலியில் சுருண்டார்.

மார்ச் 13, வெள்ளி

மண்ணாங்கட்டி கூட்டத்தில் பேசவில்லை. நாள் முழுக்க அவர் இருக்கும் பக்கமே நான் போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

விடியற்காலையில் வடிகட்டியில் "டிங்" என்று ஒரு சத்தம். இப்படி ஒரு சத்தத்துக்கு நான் கைதட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

குப்பியின் உடம்பில் எழுதினேன். காயும் வரை சூட்டு அலமாரி முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மிஷினம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். அன்றைக்குக் கோழி என்று வந்த கோடும் இன்றைக்கு வந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. "யூரிக் அமிலம். டாக்டர்கிட்ட தைரியமா கொடுங்க" என்றாள். முதுகில் தட்டியும் கொடுத்தாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். கரையுமா? கரையும் என்கிறார். தண்ணீர் குடி, குடி என்று வீட்டுக்காரர் உயிரை எடுக்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஸ்கேனில் கல் பாதியாகியிருக்கிறது. இப்படியே போனால் கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மண்ணாங்கட்டி நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். வேறொரு குழியில் தோண்டுகிறாராம், கோழி கிடைக்காமல் விட மாட்டாராம். "அது கிடைக்கிற வரைக்கும் என்னை வச்சுக்கோங்க தம்பி" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். சந்தோஷத்தில், நீ உட்காரு என்று என்னை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரரே அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். டீ நன்றாக இருக்கிறது என்று மண்ணாங்கட்டி இன்னொரு கப்பும் வாங்கிக் குடித்தார்.

அவர் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். பிஸ்கட் டப்பா இரண்டும் துடைத்துப் பளபளவென்று இருந்தன. வீட்டுக்காரர் காலையிலேயே அலமாரியைச் சுத்தம் செய்து, டப்பாக்களைத் திறந்து வடிகட்டிகளோடு கழுவிக் காயவைத்து, மூடி வைத்தாராம். நான் மூடியில்தான் எழுதியிருந்தேன்.