நான்கு நொடியில் வரும் அப்பா

அப்பா, உன் பாப்பா எழுதுகிறேன்.

போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாயே, "பாட்டு வந்துடுச்சா பாப்பா?" என்று. வந்துவிட்டது. உன் காரியத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது சித்தப்பா மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, பெரியப்பா வர்றாரு!" என்று கத்தினான். நாங்கள் அத்தனை பேரும் தெருவைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

பாட்டு வீடியோவில் நீ வருவது நான்கு நொடி. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் நீ காவல் இருந்த முந்திரிக் கொல்லையில் எடுத்தது. சென்னையிலிருந்து ராப் பாடுகிற அண்ணன் வந்திருந்தார், கேமராக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடவே கொல்லைக்குச் சொந்தக்காரரும் வந்தார். உனக்குச் சோறு கொண்டுவந்த நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். சொந்தக்காரரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து நின்றாய். கேமரா ஓடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

பாடுகிற அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். "அப்பா, அந்தத் துண்ட எடுத்துத் தோள்ல போடுங்க. நிமிந்து, நல்லா கெத்தா போடுங்க" என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை, சொந்தக்காரரைப் பார்த்தாய். அவர் சிரித்தார். "போடுய்யா, சினிமாதான. நாளைக்கு வழக்கம்போல எறக்கிக்கலாம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு துண்டை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளில் வீசினாய். அப்படி ஒரு வீச்சு உன்னிடம் இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தாய்?

அந்த வீச்சுக்கு இப்போது 'துண்டு ஸ்டெப்' என்று பெயர். பாட்டைக் கோடிக்கணக்கில் பார்த்துவிட்டார்களாம். பாடியவர் சினிமாவுக்குப் போய்விட்டார். அரியலூர் பஸ் ஸ்டாண்டிலும் அதுதான் ஓடுகிறது, ஜவுளிக்கடை விளம்பரத்திலும் அதுதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே துண்டைச் சுழற்றுகிறார். பெரம்பலூரில் நான் படித்த கல்லூரி ஆண்டு விழாவில் மேடை நிறையப் பிள்ளைகள் சுழற்றினார்கள். என்னைச் சேர்க்க வந்த அன்று, அதே கல்லூரி ஆபீஸ் வாசலில் நீ துண்டைக் கக்கத்தில் இடுக்கியபோது, வேறு யாருடனோ வந்தவள் போல நான் தள்ளி நின்றேன். நீ அதைக் கவனித்தாயா? இப்போது யாரிடம் கேட்பேன்?

பஸ்ஸில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால், நீ வரும் இடம் எப்போது என்று என் உடம்புக்கே தெரிகிறது. அந்த இடம் நெருங்கும்போது பக்கத்துச் சீட்டில் வைத்திருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். யாரும் வந்து உட்காருவதில்லை. பாட்டு முடிந்த பிறகும் பையை அங்கே திரும்ப வைக்க மனம் வருவதில்லை.

இதுவரை சொன்னது நல்ல சேதி. இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வீடியோவில் உன் முதல் இரண்டு நொடியை மட்டும் யாரோ வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். துண்டை இடுக்குகிறாய், குனிகிறாய். மறுபடியும் முதலிலிருந்து இடுக்குகிறாய், குனிகிறாய். கீழே 'உத்தரவு முதலாளி' என்று எழுத்து. வீடியோவில் கடைசியில் நிமிர்ந்துவிடுவாய் அப்பா. ஸ்டிக்கரில் நீ நிமிர்வதே இல்லை.

நான் வேலை பார்க்கும் பைக் ஷோரூமின் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் எது சொன்னாலும் அதைத்தான் போடுகிறார்கள். நீ என் அப்பா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. "யாருய்யா இந்தப் பெருசு? நம்ம மேனேஜருக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி குனியுது!" என்று சர்வீஸ் அண்ணன் ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பில் பிரிண்டரில் பேப்பர் சிக்கியதுபோல நான் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவேண்டும் என்று மேனேஜர் செய்தி அனுப்பினார். ஒவ்வொருவராக உன்னை அனுப்பினார்கள். "செல்வி மட்டும் பதிலே காணோமே?" என்று கேட்டார். எல்லோரும் என் மேசைப் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பார்வை என்னைவிட்டு விலகினால் போதும் என்று இருந்தது. நானும் உன்னை அனுப்பிவிட்டேன்.

"அடேங்கப்பா, வாயே தொறக்காத புள்ளைக்கும் காமெடி வருது!" என்றார் சர்வீஸ் அண்ணன். அழித்துவிடலாம் என்று நினைப்பதற்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மேலே என் பெயர், அதற்குக் கீழே நீ, குனிந்து குனிந்து.

அம்மா தினமும் விளக்கு வைத்ததும் வீடியோவைப் போடச் சொல்கிறாள். துண்டு தோளில் விழும் இடத்தில் விரலை வைத்து நிறுத்துகிறாள். "இது போதும். முன்னாடி இருக்கறத நான் வாழ்க்க பூரா பாத்துட்டேன்" என்கிறாள். ஸ்டிக்கர் பற்றி அவளுக்குத் தெரியாது. நான் உன்னை அனுப்பிய அன்று சாயங்காலமும் அப்படித்தான் உன்னை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆபீசுல தெரியுமாடி, இது உங்கப்பான்னு?"

"தெரியும்மா."

"என்ன சொன்னாங்க?"

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்துபோனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்பா, எனக்கு வாய்விட்டுப் பேச வராது என்று உனக்குத் தெரியும். எழுத வரும். அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். ஷோரூமில் உள்ளவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். ஆனால் எழுதிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். நான் அனுப்பியதற்கு இது ஈடாகாது.

எல்லார் போனிலும் உன்னை நிமிர்த்த என்னால் முடியாது. முன்பின் தெரியாத ஊர்களில், முன்பின் தெரியாதவர்கள் கையில் நீ குனிந்துகொண்டேதான் இருப்பாய். ஆனால் என் எதிரில் அது வரும் ஒவ்வொரு முறையும், "அது எங்கப்பா, பேரு கலியபெருமாள்" என்று வாய்திறந்து சொல்வேன். நாளை மேனேஜரிடம் முதலில் சொல்வேன். சாயங்காலம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அம்மாவிடம் அப்படியே சொல்வேன். இது சத்தியம்.

கலியபெருமாள் மகள்,
செல்வி