எதிரில் ஏலம் கேட்பவர்

நவம்பர் 4, செவ்வாய். டேட்டன்

தேர்வுத்தாள் ஒன்றுகூடத் திருத்தவில்லை. ஏல நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் என் மகன் ஓவனின் பேஸ்பால் அட்டையை, ஆட்டக்காரர் படம் போட்டுச் சிறுவர்கள் சேர்ப்பதை, பார்த்துவிட்டேன். அவனுடையதேதான். எட்டு வயதில் அதிலுள்ள ஆட்டக்காரரின் முகத்தில் பேனாவால் என் மூக்குக்கண்ணாடியை வரைந்தான், உடைந்த காம்பில் நான் சுற்றியிருந்த டேப் உட்பட. அவன் இறந்து மூன்று வருடம். அவனுடைய பெட்டிகளை வியாபாரி ஒருவரிடம் தள்ளிவிட்டதாக அவன் அப்பா லெஸ்டர் சொன்னபோது, விவாகரத்து வாங்கியவளுக்கு என்ன உரிமை என்று வாயை மூடிக்கொண்டேன்.

"பேனாக் கிறுக்கல், சேதம்" என்று விவரம். ஆரம்ப விலை இருபது டாலர். என் உச்ச வரம்பாக நானூறு பதிந்தேன். வேறு யாராவது கேட்டால்தான் விலை ஏறும். வரம்பு யாருக்கும் தெரியாது என்கிறார்கள். கூடவே ஒரு மின்னஞ்சல், கண்ணாடி அழியாமல் இருக்கிறதா என்று கேட்டு. அது ஏன் எனக்கு வேண்டும் என்பதையும் எழுதிவிட்டேன். எல்லாவற்றையும். லெஸ்டரிடம்கூட அத்தனை சொன்னதில்லை.

நவம்பர் 6

விலை முந்நூற்றுத் தொண்ணூறு. எதிரில் கேட்பது யார்?

நவம்பர் 7, வெள்ளி

தம்பி கிளைடை அழைத்தேன். வாரச் சந்தையில் அட்டைக் கடை போடுகிறவன். சிரித்தான்.

"ப்ரொபசரம்மா, ஊருக்கெல்லாம் புள்ளியியல் சொல்லித் தர்ற. கிறுக்குன அட்டைக்கு உன்ன விட்டா உலகத்துல எவன் வருவான்? எதிர்ல கேக்குறது ஏலக் கம்பெனிக்காரனேதான்."

"அப்படிச் செய்யலாமா?"

"விதிமுறையப் படிச்சியா? மருந்துச் சீட்டக்கூட முழுசாப் படிக்கிறவளாச்சே நீ!"

படிக்கவில்லை. இப்போது படித்தேன். வெளியே சொல்லாத குறைந்தபட்ச விலை இருக்கலாமாம். அது வரும்வரை நிறுவனமே ஏலம் கேட்கலாமாம். என் வரம்பு அவர்கள் கணினியில்தானே இருக்கிறது? என் மின்னஞ்சலும்.

"கைய எடு அக்கா. ஏத்திவிட்டவன் தலையிலயே விடியட்டும்."

சரி என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கையை எடுக்கவில்லை. எழுநூறு. தொள்ளாயிரம். ஆயிரத்து இருநூறு. நான் பதிந்த மறுநொடியே அடுத்த படி. மனுஷனுக்கு யோசிக்க ஒரு நிமிஷம் வேண்டாமா? ஆயிரத்து ஐந்நூறில் விரல் நின்றுவிட்டது. "விற்கப்பட்டது: 1,550."

எனக்கில்லை.

நவம்பர் 10

நிறுவனத்திலிருந்து ப்ரூயிட் என்ற பெண் பேசினாள். "வாங்குனவரு யாருன்னு சொல்றதுக்கில்ல மேடம். ஆனா ரெண்டாயிரம்னா உங்களுக்குக் குடுத்துடலாம்."

"அவரைக் கேட்க வேண்டாமா?"

"ஆங்... கேக்கணும், கேக்கணும். கேட்டுட்டுச் சொல்றேன்."

கிளைடிடம் சொன்னதும் துள்ளினான். "வாங்குன ஆளே கிடையாதுக்கா! அவனுக்கு அது குப்பை. நீ வாயத் தொறக்காம இரு. திரும்ப ஏலத்துல போடுவான், அறுபதுக்கு வந்து நிக்கும்."

சரி. இந்த முறை நிஜமாகவே சரி.

நவம்பர் 13

ப்ரூயிட்டிடமிருந்து இரண்டு மின்னஞ்சல். பதில் போடவில்லை. கல்லூரியில் மூன்று முறை எடுத்துப் படித்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

திரும்பப் போட்டுவிட்டார்கள். விவரம் மாறியிருக்கிறது: "டேப் சுற்றிய தன் தாயின் கண்ணாடியை அபிமான ஆட்டக்காரருக்கு மாட்டி அழகு பார்த்த சிறுவன், பதினேழு வயதில் பனிச்சாலை விபத்தில் மறைந்தான். உலகில் இது ஒன்றே."

என் மின்னஞ்சல். என் வாக்கியங்கள் —

மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நூற்றெண்பது. இதில் எத்தனை பேர் நிஜம்? போன முறை தெரியும், ஒருவரும் இல்லை. இப்போது தெரியாது. எவனோ ஒருவன் இதைப் படித்து மனமுருகி வாங்கிவிட்டால்? அவன் வீட்டுச் சுவரில், வருகிறவர்களுக்கெல்லாம் ஓவனைக் காட்டிக்கொண்டு —

"கடைசிப் பத்து நொடியில நான் பாத்துக்குறேன். பொறுத்துக்கோக்கா" என்கிறான் கிளைடு. தவறிப்போனால் அவனைப் பொறுத்தவரை போவது ஓர் அட்டை. அவ்வளவுதான்.

வகுப்பில் இன்று நிகழ்தகவு. பாதிக் கணக்கில் நின்றேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

நவம்பர் 19, புதன்

காலையில் ப்ரூயிட்டை அழைத்து அவள் சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டேன். வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த பணம். கமிஷன் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு. "நல்ல முடிவு மேடம். உங்க லெட்டர் எங்க எல்லாரையும் அழ வச்சிருச்சு" என்றாள். நான் நன்றி சொன்னேன். நன்றி! பத்து நிமிடத்தில் பக்கத்திலிருந்து அட்டையை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 25

வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டிருக்கிறது. உடைக்கவில்லை. பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறான்!

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் விருந்து கிளைடு வீட்டில். வான்கோழியை வெட்டிக்கொண்டே கேட்டான்: "திடீர்னு அந்த அட்டையக் காணோமே, ஏலத்துலேருந்து எடுத்துட்டானுங்களா?"

"நான் வாங்கிட்டேன்."

கத்தி நின்றது. "எவ்வளவுக்கு?"

"அறுபது."

"ஏய் நோரீன், இங்க வா!" என்று சமையலறையில் இருந்த மனைவியைக் கூவி அழைத்தான். "அறுபதுக்கு இறங்கி வந்துட்டானுங்களாம்! நான் சொன்னேன்ல? சும்மா இருந்தா போதும்னு சொன்னேன்ல?" என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான். "இனிமே எந்தக் கொம்பனாலயும் உன்ன ஏமாத்த முடியாது, ப்ரொபசரம்மா."

முடியாதுதான் என்றேன்.