திருத்தம் 2

3 மார்ச் 2025, திங்கள்
பருத்தித்துறைப் படகுகளுக்குப் பன்னிரண்டு ஐஸ் பெட்டிகள். மரப்பெட்டிக்குள் இறக்கும் எவர்சில்வர் தகட்டைக் கணினியில் வரைந்து, மடித்துப் பார்த்து, விரித்துப் பார்த்து, ஜெரிசனின் பட்டறைக்கு அனுப்பினேன். "ஓம் ஐயா, வடிவாயிருக்கு" என்று தொலைபேசியில் எடுத்துச் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் ஆள்.

4 மார்ச்
கதவு தட்டுப்பட்டது. காற்று.

5 மார்ச்
பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டியை வைக்கும்போதுதான் பிடிபட்டது. மரப்பெட்டியின் உள் அளவைத் தகட்டின் உள் அளவாகப் போட்டுவிட்டேன். தகட்டின் தடிப்பு வெளியே நிற்கும், பக்கத்துக்கு 1.2 மில்லிமீற்றர். இறங்காது. முப்பது வருடம் வரைதல் படிப்பித்தவன்!

சொன்னால் இனி வேலை தருவானா? அவனும் எடுக்காவிட்டால் இந்தத் தொலைபேசி எதற்கு?

சரியான கோப்பை 'திருத்தம் 2' என்று பெயரிட்டு அனுப்பினேன். பிழை என்று எழுத விரல் வரவில்லை.

6 மார்ச்
பார்த்திருக்கிறான். பதில் இல்லை. மூன்று தரம் இலக்கத்தை அழுத்தி, அடிக்கமுதல் நிறுத்தினேன்.

7 மார்ச்
அரியாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டும் வெட்டியாயிற்று. ஒன்றை மடித்துப் பெட்டியின் வாயில் வைத்திருந்தார்கள். படகுக்காரர் நீக்கிலாப்பிள்ளை சிரித்தார்: "மாஸ்டர், உங்கடை பிள்ளை என்ரை பெட்டியை விடக் கொழுத்துப்போச்சு."

ஜெரிசன் சிரிக்கவில்லை. "திருத்தம் எண்டா ஏதோ வடிவுக்குச் செய்தியள் எண்டு நினைச்சன் ஐயா. பிழை எண்டு ஒரு சொல் போட்டிருந்தா நிப்பாட்டியிருப்பன் எல்லோ?"

"பயந்திட்டன் தம்பி."

கோடு கீறும் ஊசியை என்னிடம் நீட்டினான். மடித்தது வீண். மிச்சம் பதினொன்றிலும் நான் மடிப்புக் கோடுகளை உள்ளே தள்ளிக் கீற, அவன் மூலைகளைத் திரும்ப வெட்டினான். பின்னேரம் முடித்து, பஸ் ஏறினேன்.

இனி எடுக்கமாட்டான்.

8 மார்ச்
எடுக்கவில்லை.

9 மார்ச்
இல்லை.

12 மார்ச்
மீன் தட்டு ஒன்று வரையச் சொல்லி ஜெரிசனின் செய்தி. எழுத்து மட்டும். குரல் இல்லை. வரைந்து அனுப்பினேன்.

13 மார்ச்
சாப்பிட்டபின் திரும்பப் பார்த்தேன். தட்டின் ஒரு மடிப்பு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்கென்ன நடந்தது? பத்து நாளுக்குள் இரண்டாவது. இதோடு சரி, கைவிட்டுவிடுவான் — விடட்டும்.

திருத்தினேன். புதிய கோப்புக்குப் பெயர்: 'பிழை விட்டிட்டன், நேற்றையதை வெட்ட வேண்டாம்'. அனுப்பிவிட்டுச் சட்டி கழுவப் போனேன்.

கழுவி முடியவில்லை. தொலைபேசி அடித்தது.