கனமான சொல்

17.10.1961, செவ்வாய்.

பக்கத்துக் காணிச் செல்லையா அண்ணை இன்று சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் இரணைமடுவுக்குப் படிப்பிக்க வந்த நாள் முதல் அது தவறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் வண்டிலிலிருந்து விழுந்து அவருடைய கால் முறிந்தது. அரசாங்கம் தந்த குடியேற்றக் காணியில் உரியவரே பயிர் செய்ய வேண்டும் என்பது சட்டம். இந்தப் போகம் மட்டும் மைத்துனரைக் கொண்டு விதைக்க அனுமதி கேட்டுக் காணிக் கந்தோருக்கு எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதினேன். கால் ஊனம் என்று சொல்லும் 'லேம்' போதாது என்று பட்டது. 'இன்ஃபேர்ம்', 'டிசேபிள்ட்' இரண்டையும் எழுதி வெட்டினேன். கடைசியில் 'பேர்மனன்ட்லி இன்கப்பசிற்றேற்றட்'. நிரந்தரமாகச் செயலிழந்தவர். கனமான சொல்லுக்குத்தான் இரங்குவார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டு வாசித்தும் பார்த்தேன்.

இன்று காணிக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் வந்தார்.

"இனி ஒண்டும் செய்யேலாத ஆள் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள் மாஸ்ரர். அப்ப காணியை வேற ஆளுக்குத்தானே குடுக்கவேணும்."

மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். கோப்பில் ஏறிவிட்டதாம். அடுத்த கிழமை விசாரணை.

அண்ணை பொல்லை ஊன்றியபடி நின்றார்.

"தம்பி, கால் நோகுது எண்டுதானே நான் சொன்னனான்?"

குரலில் கோபம் இல்லை.

பின்னேரம் யன்னலால் பார்த்தேன். பொல்லைக் கரையில் போட்டுவிட்டு, றோட்டால் போகிறவர்கள் காணும்படி மண்வெட்டியோடு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் விழப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடிக்கலாம். பிடித்தால் என் கடிதம் உண்மையாகிவிடும்.

யன்னலடியிலேயே நின்றேன். இன்னும் சாப்பிடவில்லை.